சமவெளியிலிருந்து மலைச்சாலைக்கு: மிதிவண்டிப் பயணிகளுக்கான தமிழ்நாட்டுத் தடங்கள்

ஒரு தடம் எவருக்கு ஏற்றது என்பதைத் தூரத்தை மட்டும் கொண்டு தீர்மானிக்கும் வழக்கம், புதிதாக மிதிவண்டி வாங்கியவர்களில் பலரைத் தொடக்கத்திலேயே சோர்வடையச் செய்துவிடுகிறது. கல்லணையிலிருந்து திருவையாறு வழியாகத் தஞ்சாவூர் வரை ஏறக்குறைய 50 கி.மீ. ஓட்டும் ஒருவர், இடையில் இரண்டு முறை நின்று இளைப்பாறினால், பெரிய பயிற்சி ஏதுமின்றி முற்பகலுக்குள் ஊர் சேர்ந்துவிட முடியும். அதே மனிதர் மசினகுடிப் பக்கமிருந்து கல்லட்டி மலைச்சாலையில் உதகைக்கு ஏறினால், 13 கி.மீ. தொலைவைக் கடப்பதற்குள் பல இடங்களில் இறங்கி வண்டியைத் தள்ள நேரிடும். ஆகவே இந்த இயலில் தடங்கள் யாவும் ஏறவேண்டிய உயரம், எதிர்ப்படும் காற்று, வெயில் கடுமையாகும் நேரம், உடன் ஓடும் வாகனங்களின் நெருக்கடி ஆகிய நான்கையும் கருதி வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. தூரம் அவற்றுக்கு அடுத்த நிலையிலேயே வைத்துப் பார்க்கப்படுகிறது.

சாய்வும் உடலின் ஆற்றலும்

சாய்வு விகிதம் என்பது, நூறு மீட்டர் முன்னே செல்லும்போது சாலை எத்தனை மீட்டர் உயர்கிறது என்பதைக் குறிக்கும் அளவாகும். ஐந்து விழுக்காட்டுச் சாய்வு எனில் ஒரு கிலோமீட்டருக்கு 50 மீட்டர் ஏற்றம் என்று பொருள். இரண்டு விழுக்காடு வரையிலான சாய்வு கண்ணுக்கு ஏறத்தாழ மட்டமாகவே தோன்றும் என்றாலும் கால்கள் அதை உடனே உணர்ந்துவிடும். மூன்று, நான்கு விழுக்காட்டில் சிறிய கியரில் பேசிக்கொண்டே ஏறலாம். ஐந்து, ஆறு விழுக்காட்டில் பேச்சு குறைந்து மூச்சே பெரிதாகும். எட்டு விழுக்காட்டைக் கடந்தால் பழக்கமில்லாதவர்களால் நீண்ட நேரம் தொடர்ந்து மிதிக்க இயலாது. தமிழ்நாட்டின் பெரும்பாலான மலைச்சாலைகள் மாட்டு வண்டிகளும் பின்னர் பாரமேற்றிய லாரிகளும் ஏறுவதற்கென வகுக்கப்பட்டவை என்பதால் அவற்றின் சராசரிச் சாய்வு ஐந்து, ஆறு விழுக்காட்டை ஒட்டியே அமைந்துள்ளது. இது மிதிவண்டிப் பயணிக்கு வாய்த்த பெரும் நன்மை.

கொண்டை ஊசி வளைவுகளின் எண்ணிக்கையைக் கண்டு அஞ்சும் பழக்கமும் பரவலாக உள்ளது. வளைவுகள் சாலையை நீட்டிச் சாய்வைக் குறைப்பதற்காகவே அமைக்கப்படுகின்றன. ஆகையால் எண்ணிக்கை மிகுந்திருப்பது செங்குத்தான சாலைக்கு அடையாளம் ஆகாது. எழுபது வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலை சுமார் ஆயிரம் மீட்டர் உயர்கிறது. முப்பத்தாறு வளைவுகளே கொண்ட கல்லட்டிச் சாலை அதைவிடக் கூடுதலான உயரத்தைக் குறைந்த தூரத்தில் ஏறிவிடுகிறது. இரண்டில் எது கடுமையானது என்பதை இந்தக் கணக்கே காட்டிவிடும்.

மிதிவண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 80 கிலோ எடை என்று கொண்டால், ஒரு மணி நேரத்தில் 500 மீட்டர் உயரம் ஏறுவதற்குப் புவியீர்ப்பை எதிர்த்து மட்டுமே ஏறத்தாழ 110 வாட் திறன் தொடர்ந்து தேவைப்படுகிறது; டயரின் உராய்வும் காற்றின் தடையும் இதற்கு மேல் சேரும். வாரம் இரண்டு மூன்று நாள் ஓட்டும் நலமான ஒருவர் மணிக்கு 400 முதல் 500 மீட்டர் உயரம் ஏறுவதாகத் திட்டமிடுவது பாதுகாப்பான கணக்கு. நல்ல பயிற்சி உடையவர் 700, 800 மீட்டரை எட்டக்கூடும். எனவே ஒரு மலைச்சாலைக்குப் புறப்படுமுன் அடிவாரத்துக்கும் உச்சிக்கும் இடையிலான உயர வேறுபாட்டைத் தன் வேகத்தால் வகுத்துப் பார்த்தால், எத்தனை மணிக்குக் கிளம்பவேண்டும், எத்தனை புட்டி தண்ணீர் வேண்டும் என்பவை தாமாகவே தெளிவாகிவிடும்.

கியர் விகிதம் என்பது, பெடலோடு இணைந்த முன் பல்சக்கரத்தின் பற்களைப் பின் சக்கரத்தில் உள்ள பல்சக்கரத்தின் பற்களால் வகுத்துக் கிடைக்கும் எண்ணாகும். முன்னே 34 பல், பின்னே 34 பல் என்று அமைந்தால் விகிதம் ஒன்று. பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்றே சுற்றும். இந்தக் கியரில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு ஏழரை கிலோமீட்டர் அளவில் இருக்கும். எட்டு விழுக்காட்டுச் சாய்விலும் முட்டிகளை வருத்தாமல் ஏறுவதற்கு இந்த வேகம் போதுமானது. விற்பனைக்கு வரும் சாலை மிதிவண்டிகள் பலவற்றில் பின்புறப் பெரிய பல்சக்கரம் 28 பல்லோடு நின்றுவிடுகிறது. மலையேற விரும்புபவர் விலையுயர்ந்த உடைக்கும் தலைக்கவச வண்ணத்துக்கும் செலவிடுமுன் அதை 32 அல்லது 34 பல்லுக்கு மாற்றிக்கொள்வது அறிவுடைமை. கியர் இல்லாத சாதாரண மிதிவண்டி சமவெளித் தடங்கள் அனைத்துக்கும் போதும். அதைக் குறைவாக மதிப்பிட வேண்டியதில்லை.

காவிரிக் கரை: எல்லாருக்குமான தடம்

தமிழ்நாட்டில் முதன்முதலாக நெடுந்தூரம் ஓட்டுபவருக்குக் காவிரிக் கரைச் சாலையைவிடச் சிறந்த தடம் இல்லை என்பது இந்நூலின் உறுதியான கருத்து. திருச்சிராப்பள்ளியில் தொடங்கி, கல்லணையைக் கடந்து, கோவிலடி, திருக்காட்டுப்பள்ளி வழியாகத் திருவையாற்றை அடைந்து, அங்கிருந்து தெற்கே திரும்பித் தஞ்சாவூரில் முடியும் இத்தடம் மொத்தம் 65 முதல் 70 கி.மீ. நீளமுடையது, முழுத் தூரத்திலும் நிலத்தின் உயரம் சில பத்து மீட்டர் மட்டுமே மாறுகிறது, அதுவும் ஆற்றின் போக்கிலேயே இறங்குகிறது. தூரம் மிகுதி என்று கருதுபவர் கல்லணை வரை வண்டியை ஏற்றிச் சென்று அங்கிருந்து தொடங்கலாம். சிறுவர்களோடு வருபவர்கள் தஞ்சாவூருக்கும் திருவையாற்றுக்கும் இடைப்பட்ட 13 கி.மீ. மட்டும் சென்று திரும்பினாலும் நிறைவான பயணமாகவே அமையும். ஏனெனில் அந்தச் சிறு தூரத்துக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளின் பாலங்களைச் சாலை ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்கிறது.

இத்தடத்தில் திசையே பாதி வெற்றி. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் காற்று டெல்டா முழுவதும் வலுவாக இருக்கும். அப்போது திருச்சியிலிருந்து கிழக்கு நோக்கி ஓட்டுபவரைக் காற்றே தள்ளிக்கொண்டு செல்லும். எதிர்த்திசையில் வருபவரோ மட்டச் சாலையிலும் மலையேறுபவரைப் போலவே உழைக்கவேண்டியிருக்கும். காற்றின் தடை, காற்றுக்கும் வண்டிக்கும் இடைப்பட்ட சார்பு வேகத்தின் இருமடியாக வளர்கிறது. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் செல்பவர் எதிரே 15 கி.மீ. வேகக் காற்று வீசினால், அமைதியான நாளில் உணரும் தடையைப் போல மூன்று மடங்கைத் தாங்கவேண்டும். வழக்கமாக மேட்டூர் அணை திறக்கப்படும் ஜூன் 12க்குப் பின் சில நாட்களில் கல்லணையிலிருந்து காவிரியிலும் வெண்ணாற்றிலும் கல்லணைக் கால்வாயிலும் நீர் விடப்படுகிறது. நாற்றங்கால்கள் பச்சை பிடிக்கும் ஜூலையிலும் சம்பாப் பயிர் கதிர் முற்றும் மார்கழி, தை மாதங்களிலும் இச்சாலை இருவேறு அழகுகளை உடையது. மார்கழியில் வாடை லேசாகவே வீசுவதால் எந்தத் திசையிலும் ஓட்டலாம். ஆனால் காலைப் பனிமூட்டம் கலையும் வரை முன்விளக்கும் பின்விளக்கும் எரியவேண்டும்.

அறுவடைக் காலத்துக்குரிய ஓர் எச்சரிக்கை இங்கே இன்றியமையாதது. சாலையின் ஒரு பாதியில் நெல்லைக் காயவைப்பதும், வாகனச் சக்கரங்கள் ஏறட்டும் என்று பயிர்த்தாளைப் பரப்பிவைப்பதும் டெல்டாவில் இயல்பான காட்சிகள். உலர்ந்த நெல்மணிகளின் மேல் மெல்லிய டயர் உருளும்போது பிடிமானம் முற்றிலும் போய்விடும். வைக்கோல் செயினிலும் பின் கியரிலும் சுற்றிக்கொண்டால் சக்கரமே நின்றுவிடும். அத்தகைய இடங்களில் இறங்கி நடப்பதே முறை. அது உழவரின் விளைச்சலை மிதிக்காமல் செல்லும் மரியாதையும் ஆகும். ஆற்றங்கரைச் சாலைகள் குறுகலானவை என்பதால் மினி பேருந்து வரும்போது மண் ஓரத்தில் ஒதுங்கி நிற்கத் தயங்கக் கூடாது. 28 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் அகலமுள்ள டயர் இச்சாலைகளுக்குப் பொருந்தும்.

கடலோரம்

சென்னைவாசிகளுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையே முதற்பள்ளி. அக்கரைக்கு வடக்கே நகர நெரிசல் மிகுதி என்பதால், தொடக்க நிலையினர் முட்டுக்காட்டில் தொடங்கிக் கோவளம், திருவிடந்தை, வடநெம்மேலி, சாளுவன்குப்பம் வழியாக மாமல்லபுரம் சென்று திரும்புவது நல்லது. போக வர ஏறக்குறைய 45 கி.மீ. ஆகும். முட்டுக்காட்டுக் கழிமுகப் பாலத்தின் மேலிருந்து காணும் விடியற்காலை நீர்ப்பரப்பு, 1976இல் தொடங்கப்பட்ட வடநெம்மேலி முதலைப் பண்ணை, சாளுவன்குப்பத்துப் புலிக்குகை ஆகியவை ஓய்வெடுப்பதற்குச் சரியான இடைவெளிகளில் அமைந்திருக்கின்றன. சாலை அகலமானது என்பதே இங்குள்ள இடரும் ஆகும்; கார்கள் மிக விரைவாக வருகின்றன, வார இறுதிகளில் பொழுது புலரும் முன்பே பந்தய வேகத்தில் இருசக்கர வாகனங்கள் ஓடுகின்றன. எதிர்த்திசையில் வருவோரும் சாலையோரத்தில் நிறுத்திய வண்டியின் கதவைத் திடீரெனத் திறப்போரும் உண்டு. கோடுபோட்ட ஓரத்தில் ஒற்றை வரிசையாகச் செல்வது, குழுவாகச் செல்பவர்களுக்குச் சலிப்பாகத் தோன்றினும், கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கு.

இடைநிலையினர் மாமல்லபுரத்தில் தங்கி மறுநாள் புதுச்சேரி வரை தொடரலாம். ஏறக்குறைய 95 கி.மீ. நீளமுள்ள இப்பகுதியில் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை, பாலாற்றுப் பாலம், ஒதியூர்க் காயல், கடப்பாக்கத்தின் அருகே கடலை நோக்கிச் சிதைந்து நிற்கும் ஆலம்பரைக் கோட்டை, மரக்காணத்து உப்பளங்கள் என்று காட்சி மாறிக்கொண்டே வருகிறது. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே பலர் பார்க்காமல் விரைந்து கடந்துவிடும் மரக்காணமே இத்தடத்தின் சிறந்த பகுதி. சாலையின் இருபுறமும் பாத்திகளில் வெள்ளை உப்பு குவிந்திருக்க, அப்பால் கழுவெளி ஏரியின் பரந்த நீரில் குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் இறங்கியிருக்கும். இச்சாலை நான்கு வழியாக அகலப்படுத்தப்பட்டு வருவதால், பணி நடக்கும் இடங்களில் சரளைக் கற்களும் திடீர்த் திருப்பங்களும் உண்டு. இருட்டில் ஓட்டுவதைத் தவிர்க்க வேண்டும்.

கடலோரத்தில் காற்றின் கணக்கு வேறு. ஐப்பசி முதல் தை வரை காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வருவதால் தெற்கு நோக்கிச் செல்வது எளிது, திரும்புவது கடினம். பங்குனி, சித்திரையில் தென்கிழக்குக் காற்று ஓங்குவதால் நிலைமை தலைகீழாகும். கோடையில் கடற்காற்று நண்பகலை ஒட்டி எழுகிறது. அதற்கு முன் காற்று அமைதியாகவும் வெயில் கடுமையாகவும் இருக்கும். மார்ச் முதல் ஜூன் வரை காலை ஐந்தரைக்குப் புறப்பட்டு ஒன்பதரைக்குள் நிழல் சேர்ந்துவிடுவது என்ற நியதியைக் கைவிடலாகாது. மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் வரை நீர் தேவைப்படும். வியர்வையில் உப்பும் வெளியேறுவதால் வெறும் நீர் மட்டும் குடித்துக்கொண்டே இருப்பது தலைச்சுற்றலை வரவழைக்கும். உப்பிட்ட நீர்மோர், இளநீர், வாழைப்பழம், கடலைமிட்டாய் ஆகிய நான்கும் சாலையோரக் கடைகளிலேயே கிடைக்கும்போது, விலைமிக்க ஆற்றல் பானங்களை நாட அவசியமில்லை.

தெற்கே இராமேசுவரத்திலிருந்து அரிச்சல்முனை வரை செல்லும் சாலை, 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியின் ஊடாக, இருபுறமும் கடல் சூழ நேராக நீள்கிறது. தூரம் இருபது கிலோமீட்டரைச் சற்றே கடக்கும், மேடு கிடையாது, நிழலும் கிடையாது, குடிநீரை முழுவதும் கையிலேயே கொண்டுசெல்ல வேண்டும். பக்கவாட்டுக் காற்று மணலை அள்ளிச் சாலையில் வீசும் நாட்களில் தொடக்க நிலையினர் இங்கு வராதிருப்பது நலம். மாலையில் காவல்துறை போக்குவரத்தை நிறுத்திவிடுவதால் காலையிலேயே சென்று திரும்ப வேண்டும்.

கடலோரத்தை விட்டு விலகினால், சாரல் காலத்துக்கு உரிய சமவெளித் தடம் தென்காசியைச் சுற்றியது. தென்காசி, இலஞ்சி, செங்கோட்டை, பண்பொழி, மேக்கரை என ஒரு வட்டமாக ஓட்டினால், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை விட்டு விலகாமலேயே, பெரிய ஏற்றம் எதுவும் இன்றி, ஒரு காலைப்பொழுதில் முடித்துவிடலாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று குளிர்ச்சியோடு வலுவாகவும் இருக்கும். சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயல்கள் பூத்திருக்கும் ஆண்டுகளில் கிழக்கே சற்று நீட்டிக்கொள்ளலாம்.

முதல் மலைகள்

சமவெளியில் 60, 70 கி.மீ. தடையின்றி ஓட்டப் பழகியவர் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டிய மலை ஏலகிரி. வாணியம்பாடிக்கும் திருப்பத்தூருக்கும் இடையே பொன்னேரியில் தொடங்கும் சாலை, பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் அறுநூறு மீட்டருக்கு மேல் ஏறி, சமமான பீடபூமியில் முடிகிறது. வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், கடையெழு வள்ளல்கள் ஆகியோரின் பெயர்கள் சூட்டப்பட்டிருப்பதால், களைப்பில் எண்ணிக்கை தப்பிப் போனாலும் பெயரைப் பார்த்துத் தான் இருக்கும் இடத்தை அறிந்துகொள்ளலாம். சோலையார்பேட்டை தொடர்வண்டிச் சந்திப்பு அருகிலேயே இருப்பது, சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருபவர்களுக்கு வசதி. மிதிவண்டியைத் தொடர்வண்டியின் சரக்குப் பெட்டியில் முன்கூட்டியே பதிவுசெய்து அனுப்ப வேண்டும்.

அடுத்த படி ஏற்காடு. சேலத்திலிருந்து செல்லும் பழைய சாலை இருபது கொண்டை ஊசி வளைவுகளோடு, அடிவாரத்திலிருந்து சுமார் 20 கி.மீ.யில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறுகிறது. சாய்வு சீரானது, அதுவே இதன் சிறப்பு. சேலம் சுட்டெரிக்கும் நாளிலும், ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் வெப்பம் ஏறக்குறைய ஆறு பாகை குறைவதால், மேலே காப்பித் தோட்டங்களின் நிழலை எட்டும்போது உடல் தேறிவிடும். குப்பனூர் வழியாக இறங்கும் மற்றொரு சாலையும் உண்டு. ஒன்றில் ஏறி மற்றொன்றில் இறங்கினால் ஒரே காட்சியை இருமுறை பார்க்கவேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றுலா வாகனங்கள் மிகுவதால் வார நாளே உகந்தது.

வளைவுகளில் ஏறுவதற்குரிய ஒரு நுட்பத்தை இந்த மலைகளிலேயே கற்றுக்கொள்ள வேண்டும். கொண்டை ஊசி வளைவின் உள்விளிம்பும் வெளிவிளிம்பும் ஒரே உயரத்தைத்தான் ஏறுகின்றன; ஆனால் உள்விளிம்பின் நீளம் குறைவு என்பதால் அங்கே சாய்வு கூர்மையாகவும், வெளிவிளிம்பில் மென்மையாகவும் இருக்கும். இடப்புறம் செல்லும் இந்திய முறையில், ஏறுபவருக்கு இடப்பக்கம் திரும்பும் வளைவுகள் எல்லாம் உள்விளிம்பாகவும், வலப்பக்கம் திரும்பும் வளைவுகள் எல்லாம் வெளிவிளிம்பாகவும் அமைகின்றன. எனவே இட வளைவு வருமுன்பே கியரைக் குறைத்துவிட்டு மிதிப்பின் அழுத்தத்தைச் சீராக்கிக்கொள்ள வேண்டும். வல வளைவில் மூச்சைத் தேற்றிக்கொள்ளலாம். செங்குத்தைத் தவிர்க்க எதிர்ப்புறத்துக்கு விலகி ஏறுவது, மேலிருந்து இறங்கும் பேருந்தின் பாதையில் நேராகப் போய் நிற்பதற்கு ஒப்பாகும்.

கொல்லிமலை இந்த நுட்பத்தை எழுபது முறை பயன்படுத்தவைக்கும். காரவள்ளியில் தொடங்கும் ஏற்றத்தில் வளைவுகள் மிக நெருக்கமானவை. சில இடங்களில் ஒரு வளைவிலிருந்து பார்த்தால் கீழே கடந்துவந்த நான்கைந்து அடுக்குச் சாலைகளும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். போக்குவரத்து ஏற்காட்டைவிடக் குறைவு, கடைகளும் குறைவு; அடிவாரத்திலேயே இரண்டு புட்டி நீரை நிரப்பிக்கொள்ள வேண்டும். வளைவுகள் முடிந்தவுடன் பயணம் முடிந்தது என்று எண்ணுபவர்கள் ஏமாறுவார்கள். செம்மேட்டுக்கும் அங்கிருந்து அறப்பளீசுவரர் கோயிலுக்கும் செல்லும் சாலை மேடும் பள்ளமுமாகவே நீள்கிறது. ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளை அதே நாளில் மேற்கொள்வது, மறுநாள் மலை இறங்குவதற்குத் தேவையான கால் வலுவைப் பறித்துவிடும். ஓர் இரவு தங்குவதற்கு இம்மலை முழுத் தகுதி உடையது. மிளகுக் கொடி படர்ந்த மரங்களும் பலாவும் அன்னாசியும் விளையும் பள்ளத்தாக்குகளும் விரைந்து கடப்பதற்கானவை அல்ல.

இறக்கம்

ஏற்றம் உடலைச் சோதிக்கிறது. விபத்துகளோ இறக்கத்தில்தான் நேர்கின்றன. பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இறங்கினால் சக்கரத்தின் விளிம்பு சூடேறி, டியூப் வெடிக்கும் அளவுக்குப் போகக்கூடும். வளைவுக்கு முன் நேர்ச்சாலையிலேயே இரு பிரேக்குகளையும் உறுதியாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, பின் விட்டுவிட்டு வளைவைக் கடப்பதே சரியான முறை. வளைவின் நடுவில் பிரேக் பிடித்தால், குறிப்பாக ஈரத்திலும் உதிர்ந்த இலைகளின் மேலும், டயர் வழுக்கும். மலைச்சாலையில் ஏறிவரும் வாகனத்துக்கே முன்னுரிமை என்பது விதி. லாரிகளும் பேருந்துகளும் வளைவை முழு அகலத்துக்கும் எடுத்துத் திரும்புவதால், அவற்றின் ஒலி கேட்டவுடன் நின்று வழிவிட வேண்டும். ஏறும்போது நனைந்த உடை இறங்கும்போது குளிரை இழுக்கும். காற்றுத் தடுக்கும் மெல்லிய மேற்சட்டை ஒன்றைப் பையில் வைத்திருப்பது நடுங்கும் கைகளால் பிரேக் பிடிக்கவேண்டிய நிலையைத் தவிர்க்கும்.

நீலகிரி

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்தில் உள்ளது. குன்னூர் 1,850 மீட்டர், உதகை 2,240 மீட்டர். கல்லாறு வரை சாலை ஏறக்குறைய மட்டமாகச் சென்று, பிறகு பாக்குத் தோப்புகளுக்கிடையே ஏறத் தொடங்கி, பர்லியாற்றைத் தாண்டிப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் குன்னூரை அடைகிறது. 1899இல் குன்னூர் வரையும் 1908இல் உதகை வரையும் ஓடத் தொடங்கிய பல்சக்கர மலை இரயிலின் பாதை இதே பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவில் தெரியும். ஆயினும் மிதிவண்டிக்கு இச்சாலை பரிந்துரைக்கத் தக்கதன்று. நீலகிரிக்கு வரும் வாகனங்களில் பெரும்பகுதி இதன்வழியே ஏறுகிறது, வடகிழக்குப் பருவமழையில் மண்சரிவுகளும் நேர்கின்றன.

கோத்தகிரிச் சாலையே தேர்ந்தெடுக்க வேண்டியது. மேட்டுப்பாளையத்திலிருந்து குஞ்சப்பனை வழியாக ஏறும் ஏறக்குறைய 33 கி.மீ. தூரத்தில் போக்குவரத்து கணிசமாகக் குறைவு, சாய்வு மிதமானது. நீலகிரி மலைமேல் அமைந்த முதல் பாதையும் 1820களின் தொடக்கத்தில் சிறுமுகைப் பக்கமிருந்து கோத்தகிரியை நோக்கியே போடப்பட்டது. கோடைக் கூட்டம் மிகும் ஏப்ரல், மே மாதங்களில் ஒருவழிப் போக்குவரத்து நடைமுறைக்கு வந்து, இறங்கும் வாகனங்கள் கோத்தகிரிச் சாலையில் திருப்பிவிடப்படுவது வழக்கம் என்பதால், அக்காலத்தில் இந்த ஏற்றத்தை ஒத்திவைப்பது நல்லது. உடன் கார் வருமானால் அதற்கு மின்னணு அனுமதிச் சீட்டு தேவை. ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிக் குடிநீர்ப் புட்டிகள் நீலகிரியில் தடைசெய்யப்பட்டுள்ளன. சொந்தப் புட்டியைப் பொது இடங்களில் உள்ள குடிநீர் இயந்திரங்களில் நிரப்பிக்கொள்ளலாம், மிதிவண்டிப் பயணிக்கு இது இயல்பான ஏற்பாடே.

ஏறுவதற்கு வலுவில்லாதவர்கள் நீலகிரியை இழக்க வேண்டியதில்லை. வண்டியை வாகனத்தில் ஏற்றிக் கோத்தகிரிக்குக் கொண்டுசென்று, அங்கேயே தங்கி, ஒரு நாள் குன்னூர் வரையிலான 20 கி.மீ. தேயிலைத் தோட்டச் சாலையிலும், மற்றொரு நாள் கோடநாடு காட்சிமுனை வரையிலும் சென்று திரும்பலாம். இரண்டிலும் சிறு ஏற்றமும் சிறு இறக்கமும் மாறிமாறி வரும். கோடநாட்டிலிருந்து கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கும் தெங்குமரகடா வயல்களும் தெரியும். டிசம்பர், ஜனவரியில் அதிகாலை உறைபனி விழுவதால் சூரியன் ஏறிய பின்பே புறப்பட வேண்டும்.

காட்டுக்குள் செல்லும் இரு தடங்கள் தனி எச்சரிக்கைக்கு உரியவை. ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் வால்பாறைக்கு ஏறும் சாலை, ஒன்பதாம் வளைவில் ஆழியாறு நீர்த்தேக்கத்தை முழுதாகக் காட்டுவது, வரையாடுகள் சாலையோரப் பாறைகளிலேயே நிற்பது என்று ஈடற்ற அழகுடையது. ஆனால் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் ஊடாகச் செல்கிறது. சோதனைச் சாவடியில் அன்றைய நிலையைக் கேட்டறிந்து, பகல் வெளிச்சம் நன்கு பரவிய பின், மூவர் நால்வராகவே செல்ல வேண்டும். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் இங்கு மழை விடாது பெய்யும்; டிசம்பர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம். யானை தென்பட்டால் மணியடிக்காமல், படம் எடுக்க முனையாமல், வந்த வழியே பின்வாங்கிக் கார் அல்லது பேருந்து ஒன்று வரும்வரை காத்திருக்க வேண்டும்.

கல்லட்டி மலைச்சாலை இந்நூலில் குறிப்பிடப்படும் தடங்களில் மிகக் கடினமானது. மாவனல்லாவிலிருந்து தலைகுந்தா வரை முப்பத்தாறு வளைவுகளில் சராசரிச் சாய்வே ஒன்பது, பத்து விழுக்காட்டை ஒட்டி அமைய, தனி வளைவுகள் அதைவிடவும் கூர்மையாக எழுகின்றன. 2008 முதல் நடைபெற்றுவரும் நீலகிரி மிதிவண்டிச் சுற்றுப்பயணத்தின் புகழுக்கு இந்த ஏற்றமும் ஒரு காரணம். விபத்துகள் தொடர்ந்ததால் வெளியூர் வாகனங்கள் உதகையிலிருந்து இதன்வழியே இறங்குவது தடைசெய்யப்பட்டுள்ளது. மிதிவண்டியிலும் இறங்க முற்படக் கூடாது. முதுமலைக் காட்டை ஒட்டியது என்பதால் தனியாக ஏறுவதும் கூடாது. வனத்துறையின் இசைவோடு ஒழுங்குசெய்யப்பட்ட குழுவில் சேர்ந்து, ஒன்றுக்குக் கீழான கியர் விகிதத்தோடு, கோத்தகிரியையும் கொல்லிமலையையும் நிற்காமல் ஏறி முடித்த பின்பே இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.